வாசல்கட்டில் குடியிருந்த எம்மட்

எம்மட் யார்வுட் தன் ஆயுளில் எத்தனை மூக்குகளை உடைத்தாள் என்பது பற்றி ஆலர்ஷாவில் ஒத்த கருத்து கிடையாது. முதல் மூக்கு யாருடையது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. அது அவள் கணவனுடையது. உடைந்த இடம் தேவாலய வாசல். நாள், கல்யாணத்தன்று. அவள் காதோரம் அவன் ஏதோ சொன்னான் என்கிறார்கள். என்ன சொன்னான் என்பதை அவன் கடைசிவரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் சாகும்வரை இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள். அவன் காய்ச்சலில் போனபோது அவள் அழுத அழுகையில் பக்கத்துப் பண்ணை மாடுகள் பால் சுரக்க மறுத்தனவாம்.

பன்றி அறுப்பது அவள் தகப்பன் தொழில். அவருக்கு மகன் இல்லாததால் அவளுக்கு வந்தது. நவம்பர் பிறந்தால் இங்கிலாந்தின் செஷைர் வட்டாரத்தில் அந்த மூலையில் எல்லா வீட்டுக் கொட்டிலிலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மரச் சம்மட்டியால் நெற்றியில் ஒரே அடி, பிறகு கத்தி. இரண்டாவது அடி அடிக்க நேர்ந்தால் அது பன்றிக்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்று நினைப்பவள். மனிதர்கள் விஷயத்தில் அவளுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

கணவன் போன பிறகு ஆலர்ஷா மாளிகையில் சமையல்காரியாகச் சேர்ந்தாள். எஜமான் பெயர் பியர்ஸ் வார்டில், பிள்ளை இல்லாத கிழவர். வேலைக்காரர்களிடம் கைத்தடியால் பேசுகிறவர். வாரக் கடைசியில் ஒருநாள் சூப்பில் உப்பு கூடிவிட்டதென்று அவள் முதுகில் ஒன்று வைத்தார். அவள் தடியைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்து, அடுப்பில் போட்டுவிட்டு, "இப்ப ருசி பாருங்க, புகைவாசம் ஏறியிருக்கும்" என்றாள். கிழவர் அன்று இரவு இரண்டு கிண்ணம் குடித்தார். மறுநாள் அவள் சம்பளத்தை உயர்த்தினார். வேறு தடி ஒன்றும் வாங்கினார், மற்றவர்களுக்காக.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இவள் கதையைச் சொல்ல முடியாது. ஆலர்ஷா மாளிகை முழுக்க ஓக் மரம். பச்சை மரத்தை அறுத்து, தச்சன் முற்றத்தில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு துண்டிலும் உளியால் அடையாளம் வெட்டி, கழற்றி வண்டியில் ஏற்றி வந்து, மர முளைகளை அடித்து நிறுத்திய கூடு. இரும்பு ஆணி கதவில் மட்டும்தான். தூணுக்கும் தூணுக்கும் இடையே குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் பிசைந்து அப்பி, சுண்ணாம்பு பூசிவிட்டால் சுவர். ஆக, நூறு வருஷம் நிற்கும் எலும்பு, ஒரு மழைக்காலத்தில் கரையும் சதை. வெளியூர்க்காரர்கள் கறுப்பும் வெளுப்புமான அதன் கம்பீரத்தைப் பார்த்து வாய்பிளந்து நிற்பார்கள். முன்பு ஒரு பசு வழிதவறிப்போய், கூடத்துச் சுவர் வழியே தலையை நுழைத்து ஜெபத்தில் கலந்துகொண்ட கதை உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

பெரிய வீடு பழையது. அதில் தூண்கள் தள்ளித் தள்ளி நின்றன. பியர்ஸ் கிழவர் அதன் முன்னால் புதிதாக ஒரு வாசல்கட்டு கட்டினார். கீழே இரும்புக் குமிழ் பதித்த கனத்த கதவு, மேலே ஓர் அறை, அதற்கு மேல் கூரை. ஊரில் பணக்காரன் என்பதற்கு அத்தாட்சி ஓக் மரத்தை வீணடிப்பதுதான். அதனால் அந்த அறைக்கு நாலு பக்கமும் தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு தலை நுழையும் இடம்தான் விட்டார். வீட்டைப் பார்த்த உள்பக்கம்கூட அப்படித்தான். "மாடிக்கு வர்றவன் அங்கயும் பாத்து வயிறெரியட்டும்" என்றார். அறைக்குள் போக மாடியிலிருந்து ஒரு சின்னக் கதவு. வேறு வழி இல்லை. அங்கே யாரும் தங்கவில்லை. பன்றித் தொடைகளைப் புகைபோட்டு அங்கே தொங்கவிட்டிருந்தார்கள்.

கிழவரின் அண்ணன் மகன் ஜெஃப்ரி வார்டில், எந்தச் சொத்துக்காகவும் அதன் சொந்தக்காரர் சாகும்வரை காத்திருக்கும் பொறுமை இல்லாதவர். ஒரு கோடையில் அவருடைய ஆட்கள் கிழவரின் புல்வெளியில் இறங்கி, காய்ந்த புல்லை வண்டியில் ஏற்றத் தொடங்கினார்கள். கிழவரின் ஆட்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சட்டம் பேசினார்கள். எம்மட் வேலியைத் தாண்டினாள். அன்று மூன்று பேரை வண்டியில் படுக்கவைத்துத்தான் கொண்டுபோனார்கள். புல் கிழவரிடமே இருந்தது.

அன்று மாலை கிழவர் அவளை மாடிக்கு அழைத்துப் போனார். பாதிரியாரும், கொல்லன் வாட் டிம்ஸனும், தச்சன் ராண்டில் ஹஃபும் சாட்சிக்கு நின்றார்கள். அறையிலிருந்து எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, அவள் கையைப் பிடித்துக் கதவு வளையத்தின் மேல் வைத்தார். எங்கள் பக்கத்தில் சொத்து கைமாறுவது அப்படித்தான். எழுத்து அப்புறம், வளையம் முதலில்.

"எம்மட், உன் உசிர் இருக்கிற வரைக்கும் இந்த அறை உன்னுது. எனக்கப்புறம் எவன் வந்தாலும் சரி."

"பன்றித் தொடையெல்லாம்?"

"அதுவும் உன்னுதுதான், தொலை."

அவளுக்கு அதுவரை சொந்தமென்று ஒரு கத்தியும் ஒரு சம்மட்டியும்தான் இருந்தன. அன்று இரவு அவள் அந்த அறைக்குள் படுத்துத் தூங்கவில்லை என்றும், ஒவ்வொரு தூணாகத் தடவிக்கொண்டிருந்தாள் என்றும் பால்காரப் பெண் பிறகு சொன்னாள். சொன்னதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

கிழவர் பனிக்காலத்தில் இறந்தார். புதைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் ஜெஃப்ரி ஒரு கூட்டத்தோடு வாசலில் நின்றார். செஸ்டரில் இருந்த இன்னொரு உறவினரும் வீட்டுக்கு உரிமை கோரினார். அந்த மாதிரி வழக்குகளில் யார் முதலில் உள்ளே உட்காருகிறாரோ அவருக்கு முக்கால் வழக்கு ஜெயம். உள்ளேயிருந்த வேலைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். ஜெஃப்ரியின் ஆட்கள் ஒரு எல்ம் மரத்தை வெட்டிக் கொண்டுவந்து கதவை இடித்தார்கள். அரைநாள் முழுவதும் இடித்தார்கள். ஒருவனுக்குத் தோள்மூட்டு நழுவியது. இன்னொருவன் பாதத்தில் மரம் விழுந்தது. கதவு சும்மா நின்றது.

மாட்டுக்காரன் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஐயா, பக்கத்துல சுவர் சாணிதான. ஒரு உதை விட்டா..."

"வார்டில் குடும்பத்தான் வாசல் வழியாத்தான் உள்ள போவான்," என்றார் ஜெஃப்ரி. "சுவர்ல ஓட்டை போட்டுப் போறவன் திருடன்."

சாயங்காலம் பசி வந்ததும் குடும்ப கௌரவம் குறைந்தது. மாட்டுக்காரன் ஓர் உதை விட்டான். பசு நுழைந்த அதே கூடத்துக்குள் எல்லோரும் தவழ்ந்து நுழைந்தார்கள். ஜெஃப்ரியும் தவழ்ந்தார். அதன் பிறகு நடந்தது அழகாக இல்லை. மேற்பார்வையாளரின் முன்பற்களை நெருப்புக் கிளறியால் தட்டி எடுத்தார்கள். குதிரைக்காரனை மாடிப்படியிலிருந்து தள்ளியதில் அவன் இடுப்பு அப்புறம் நிமிரவே இல்லை. பால்காரப் பெண்ணை முடியைப் பிடித்து இழுத்துப் பனியில் எறிந்தார்கள். இருட்டுவதற்குள் வீடு காலி. மேலே அந்த ஓர் அறையைத் தவிர.

ஜெஃப்ரியின் அடியாள் டாகின், எருமைக் கழுத்துக்காரன், சின்னக் கதவை உடைத்தான். கதவுக்குப் பின்னால் எம்மட், பன்றித் தொடை ஊறவைக்கும் உப்புத் தொட்டியைப் புரட்டி அடைத்திருந்தாள். "சுவரை உடைங்கடா" என்றான். உடைத்தார்கள். மண் பொலபொலவென்று கொட்டியது, குச்சிகள் முறிந்தன. பிறகுதான் கிழவரின் வீண்பெருமை வேலை செய்தது. தூண்களுக்கு நடுவே தோள் நுழையவில்லை. தலை மட்டும்தான் நுழைந்தது.

டாகினின் தலை நுழைந்தது.

"எம்மட்டு, மரியாதையா வெளிய வந்துரு. இல்ல உன்ன இங்கயே தோலுரிச்சு..."

சம்மட்டி அவன் தாடையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கீழே கூடத்தில் கேட்டது. அவனை இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். அடுத்தவன் கையை விட்டு உப்புத் தொட்டியைத் தள்ளப் பார்த்தான். இரண்டு விரல்கள் உள்ளேயே தங்கிவிட்டன. அவற்றை அவள் ஜன்னல் வழியே, முற்றத்தில் நின்ற ஜெஃப்ரியின் மேல் எறிந்தாள்.

"கொளுத்திருவோம் ஐயா," என்றான் விரல் போனவன்.

"மடையா, அது என் வீடு!"

உள்ளேயிருந்து எம்மட் கத்தினாள். "எங்கிட்ட மெழுகுவர்த்தி இருக்கு, கொழுப்பு இருக்கு, காஞ்ச வைக்கோல் இருக்கு. எவனாவது இன்னொரு தடவ தலைய நீட்டினா நானே கொளுத்துவேன். எல்லாரும் சேந்தே வேகலாம்!"

அதன் பிறகு இருபக்கத்தாரும் நெருப்பு விஷயத்தில் மிகுந்த பொறுப்போடு நடந்துகொண்டார்கள். பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அவள் பன்றித் தொடை தின்று, கூரையிலிருந்து சொட்டும் பனிநீரைக் குடித்து, எலும்புகளைக் குறிபார்த்து எறிந்தாள். ஜெஃப்ரியின் வக்கீல் வந்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு முற்றத்தில் நின்று விளக்கினார். இன்னொருத்தி உரிமை கொண்டாடிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது, வளையத்தில் கை வைத்தால் செல்லாது. அவள் வெளியே வர வேண்டும்.

"அவ வீட்டுக்கு வெளிய வரணும், அவ்வளவுதான?" என்றார் ஜெஃப்ரி. "அறையோட சேத்து வெளிய வந்தா?"

வக்கீல் யோசித்தார். சட்டம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றார். சட்டம் ஒன்றும் சொல்லாத இடத்தில் வார்டில் குடும்பம் எப்போதும் துணிச்சலாக நடந்துகொள்ளும்.

ராண்டில் ஹஃபைப் பிடித்துவந்தார்கள். வாசல்கட்டைக் கட்டியவன் அவன். வர மறுத்ததால் வழியில் உதைத்துக் கொண்டுவந்தார்கள். உதடு கிழிந்திருந்தது.

"அது தனியா நிக்குதா, வீட்டோட ஒட்டி நிக்குதா?" என்று கேட்டார் ஜெஃப்ரி.

"தனியாத்தான் ஐயா. சொந்தமா நாலு கால் இருக்கு. வீட்டோட சேக்கிற முளைங்க நாலஞ்சு, அவ்வளவுதான். தட்டி எடுத்துட்டா, அடி உத்தரத்துக்குக் கீழ உருளைக்கட்டை குடுத்து இழுக்கலாம்."

அவன் பொய் சொல்லவில்லை. மறந்துபோயிருந்தான். கட்டடத்தின் மரச் சட்டங்களைத் தூக்கி நிறுத்துகிற அன்று, எஜமான் பீர்ப் பீப்பாய் திறந்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வாசல்கட்டு நிறுத்திய அன்றும் காலையிலேயே திறந்துவிட்டார்கள். அதன் கூரை முகட்டு உத்தரம் ஒரு சாண் நீளமாகப் போயிருந்தது. அறுத்துக் குறைக்க நிதானமுள்ளவன் எவனும் இல்லை. ஆகவே பெரிய வீட்டின் கூரையைத் தாங்கும் உத்தரத்தில் ஒரு துளை தோண்டி, இதன் முனையை அதற்குள் செருகி, ஒரு முளையையும் அடித்து, எல்லோரும் கைதட்டினார்கள். அதன்மேல் கல் ஓடு வேய்ந்துவிட்டதால் பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் காலையில் எட்டு எருதுகளைப் பூட்டினார்கள். ராண்டில் கீழே முளைகளைத் தட்டும்போது எம்மட் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"டேய் ராண்டில்! என் வீட்டை என்னடா பண்ற?"

"அக்கா, நான் மாட்டேன்னுதான் சொன்னேன். என் வாயைப் பாரு."

"கீழ வந்தேன்னா அந்த வாய் அந்த எடத்துல இருக்காது!"

"அப்ப வாயேன் கீழ!" என்று ஜெஃப்ரி உற்சாகமாகக் கூவினார். அவள் வரவில்லை. வந்தால் அறை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். கூடத்து நெருப்போரம் ஒரு மூலைகூட மிஞ்சாது. கிழட்டு விதவைகள் தேவாலயச் சுவரோரம் கிடந்து சாவதை அவள் பார்த்திருந்தாள். அவள் மூலைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சவுக்கு சுண்டியது. கயிறு விறைத்தது. வாசல்கட்டு ஒரு பெருமூச்சு விட்டு அசைந்தது. ஒரு முழம் வந்தது. பிறகு நின்றது. எருதுகள் முழங்காலிட்டுத் திமிறின. டாகின், தாடையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தவன், தோளைக் கொடுத்துத் தள்ளுவதற்காக வீட்டுக்கும் வாசல்கட்டுக்கும் நடுவே போய் நின்றான். வாய் பேச முடியாதவன், அதனால் யாரும் அவனை ஏன் என்று கேட்கவில்லை.

மேலே ஏதோ வெடித்தது. பெரிய வீட்டின் கூரை உத்தரம் நடுவில் பிளந்து, முகட்டு உத்தரத்தோடு கூடவே வெளியே வந்தது. முன்பக்கக் கூரை முழுவதும், ஒவ்வொன்றும் ஒரு சமாதிக் கல்லின் கனமுள்ள ஓடுகளாக, சரிந்து கொட்டியது. டாகினின் மேல் எத்தனை விழுந்தன என்று பிறகு எண்ணிப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. ஜெஃப்ரியின் தோளெலும்பு முறிந்தது. ஓர் எருதின் முதுகு ஒடிந்து அங்கேயே விழுந்தது. மற்றவை மிரண்டு, அதன் பூட்டை அறுத்துக்கொண்டு, வாசல்கட்டை முற்றத்தின் குறுக்கே இழுத்து ஓடின; அது சாணக்குவியலில் முட்டிச் சாய்ந்து நின்றது. புழுதி அடங்கியபோது எம்மட் இன்னும் ஜன்னலில் இருந்தாள். நெற்றியில் ரத்தம் வழிந்தது.

"எல்லாரும் உசிரோடதான் இருக்கீங்களா?" என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் ஏமாற்றத்தோடு, "ஜெஃப்ரி ஐயாவுமா?" என்றாள்.

டாகினின் சாவை விசாரிக்க மரண விசாரணை அதிகாரி வந்தார். ஊரிலும் அக்கம்பக்கத்திலுமிருந்து பன்னிரண்டு பேரை ஜூரியாக நிறுத்தினார். அவர்களுக்குத் தலைவன் கொல்லன் வாட் டிம்ஸன். அவனுடைய மூக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஏன் சாய்ந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கேள்வி எளிது. எது அசைந்து மனிதன் செத்தானோ, அந்தப் பொருள் அரசருக்குப் போக வேண்டும் என்பது சட்டம். வண்டி ஏறிச் செத்தால் வண்டி, மாடு குத்தினால் மாடு. வீடு நிலத்தில் ஊன்றியிருப்பதால் அதை எடுக்க முடியாது. ஆனால் உருளைக்கட்டை மேல் ஓடிய வாசல்கட்டு?

"அதுதான் கொன்னுச்சு!" என்றார் ஜெஃப்ரி, கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி. "அசைஞ்சது அது. அரசரோட ஆளுங்க வந்து இன்னைக்கே பிரிச்சு ஏத்திட்டுப் போகட்டும்."

அதிகாரி மேலே பார்த்தார். "அம்மா, கீழ வந்து சாட்சி சொல்லுங்க."

"இங்கேருந்தே சொல்றேன். இறங்கினா இந்தாளு ஏறிருவான்." அவள் குரல் அன்று முதன்முறையாகச் சற்றுத் தணிந்திருந்தது. "இந்த அறைய விட்டா எனக்கு வேற எடம் இல்லீங்க. அந்தக் கிழவன் என் கைய வளையத்துல வச்சான். வாட் பாத்தான். சொல்லேன்டா வாட்!"

வாட் டிம்ஸன் மூக்கைத் தடவிக்கொண்டான். பன்னிரண்டு பேரும் களஞ்சியத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே முதலில் பேச்சு, பிறகு கூச்சல், பிறகு ஏதோ உடையும் சத்தம். அவர்கள் வெளியே வந்தபோது ஒருவனுக்குக் கண் வீங்கியிருந்தது, இன்னொருவன் பல்லைக் கையில் வைத்திருந்தான். வாட் ஒரு கல் ஓட்டை இரண்டு கையாலும் சுமந்து வந்து, அதிகாரியின் காலடியில் போட்டான்.

"இந்தக் கல்லுதான் கொன்னுச்சு ஐயா. வாசல்கட்டு எதையும் கொல்லல. கல்லோட வெலை நாலு பென்னி. ஜெஃப்ரி ஐயா கூரையிலேருந்து விழுந்துச்சு, அவர்தான் கட்டணும்."

"நூறு கல் விழுந்திச்சே!" என்று ஜெஃப்ரி அலறினார். "இது ஒண்ணுதான்னு எப்படிடா தெரியும்?"

"இதப் பாத்தாலே தெரியுது."

அதிகாரி குதிரையில் ஏறும்போது வாட்டை ஓரமாக அழைத்தார். "உன் மூக்கை உடைச்சவளுக்கா இவ்வளவு பரிவு?"

"பரிவா?" வாட் குரலைத் தாழ்த்தினான். "அந்த வாசல்கட்டைப் பிரிச்சா அவ எங்க போவா? எங்க தெருவுக்குத்தான் ஐயா வருவா. எங்க வீட்டுக்கு எதிர்த்தாப்ல ஒரு குடிசை காலியா இருக்கு. அதச் சொன்ன ஒடனே எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தன் மட்டும் ஒத்துக்கல. அவன் அடுத்த ஊரு."

அப்படியாக எம்மட் யார்வுட் தன் அறையை வென்றாள். வீடில்லாத வாசல்கட்டு ஒன்று சாணக்குவியலின் ஓரத்தில் சற்றுத் தலைசாய்ந்து நின்றது. ஏணி வைத்து ஏறினாள். கீழே அந்தக் கனத்த கதவைத் திறந்தால் பின்பக்கம் வயல் தெரிந்தது. ஜெஃப்ரி, செஸ்டர்க்காரரோடு வருஷக்கணக்கில் வழக்காடி, முன்பக்கம் கிழிந்த மாளிகையை ஒருவழியாகப் பெற்றார். கூடத்தில் பனி விழுந்தது. வேலைக்கு நிற்க யாரும் வரவில்லை. பற்களையும் இடுப்பையும் பற்றிய செய்தி பரவியிருந்தது.

பசியோடு அவர் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், சுவர் இருந்த இடத்தின் வழியாக எம்மட் உள்ளே வந்தாள். அடுப்பை மூட்டினாள். பானையை ஏற்றினாள்.

"உன்ன யார் கூப்பிட்டது?" என்றார் ஜெஃப்ரி.

"சமையல்காரி நான். படுக்க எடம் இருக்கு, வயித்துக்கு வேண்டாமா? பழைய சம்பளந்தான். வாரக் கடைசில குடுத்துருங்க."

அவள் பானையை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள். ஜெஃப்ரி வார்டில் சாப்பிட்டார், முதலில் நாய்க்குக் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிட்டு.